மாமனார் தந்த ஐந்து நட்சத்திரம்

ஜனவரி 5, ஞாயிறு

இன்று காலை, தோசைக்கும் தோசைக்கும் நடுவே, எனக்கு நானே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்டேன். வெளியே சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வலிக்கும். ஆகவே டைரி.

நகைக்கடையில் சும்மா கொடுத்த புது டைரி இது. அதற்கு என்னைத் தெரியாது, முறைப்படி சொல்லிவிடுகிறேன். பெயர் உலகம்மாள். வயது ஐம்பதுக்குப் பக்கம். எந்தப் பக்கம் என்று கேட்கக்கூடாது. தென்காசி வட்டாரத்தில், பெயரைச் சொன்னால் ‘அது எங்க இருக்கு’ என்று கேட்பார்களே, அப்படி ஓர் ஊரில் கணக்கு டீச்சர்.

எங்கள் நிர்வாகத்துக்கு மலையடிவாரத்தில் இன்னொரு பள்ளி உண்டு. கருத்தப்பாறை. விடிந்தும் விடியாமலும் ஒரு பஸ், பொழுது சாய ஒரு பஸ். வளைந்து வளைந்து போய் இறங்கினால் ஓர் ஏற்றம் ஏறவேண்டும். அங்கே கணக்கு டீச்சர் இல்லை. இங்கே நடுநிலை வகுப்புகளுக்கு ரெண்டு பேர் இருக்கிறோம், நானும் கிரேஸ் லில்லியும். பிள்ளைகள் குறைந்துவிட்டதால் இங்கே ஒருத்தி போதுமாம். மற்றவள் கருத்தப்பாறை.

பழைய தாளாளர் இருந்தால் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடித்திருப்பார். இப்போது அவர் மகன், சின்னவர். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ‘பாடப்பந்தல்’ என்று ஓர் இணையதளம் கட்டியிருக்கிறார். ஆசிரியர்கள் பாடத்தைப் படமும் விளையாட்டுமாகச் செய்து அதில் ஏற்றவேண்டும். எந்த ஊர் ஆசிரியரும் எடுத்து வகுப்பில் நடத்தலாம், நட்சத்திரம் போடலாம், குறை சொல்லலாம். குறையைப் பார்த்து நாம் திருத்தி மறுபடி ஏற்றலாம்.

“மார்ச் வரைக்கும் பாப்போம். யார் பாடம் நல்லா வளருதோ அவங்க இங்க. ஃபேரா இருக்கும்ல டீச்சர்?” என்றார் வெள்ளிக்கிழமை. நானும் லில்லியும் ஒரே சமயத்தில் தலையாட்டினோம். ஒரே சமயத்தில் நாங்கள் கடைசியாகச் செய்த காரியம் அது.

என் பின்னப் பாடத்தை அன்றைக்கே ஏற்றினேன். இன்றுவரை ஒரு ஈ எட்டிப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தக் காரியம். பொய்யாக ஒரு கணக்குத் தொடங்கி நாமே புகழ்ந்துகொண்டால் என்ன? ஆனால் படம் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்று தளம் அடம்பிடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஹால் சுவரில் மாமனார். ஆவுடையப்பன். காலமாகி நாலு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை என் சாம்பாரைக்கூட ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாத மனுஷன். அவர் கையால் வாங்கினால் எப்படி இருக்கும்!

தலைக்குக் குளித்த கோலத்தோடு ஸ்டூலில் ஏறினேன். படத்துக் கண்ணாடியில் நாலு வருஷத் தூசி; பளபளவென்று துடைத்தேன். சந்தன மாலையைக் கழற்றலாம் என்றால் ஆணியில் சிக்கிக்கொண்டு வரவில்லை. மேலே சின்னச் சிவப்பு பல்பு வேறு எரிகிறது. பரவாயில்லை, தளம் படத்தை வட்டமாக வெட்டி முகத்தை மட்டும்தான் காட்டுகிறது. மாலையும் பல்பும் வெளியே போய்விட்டன. கண்ணாடிமேல் வைத்த குங்குமப் பொட்டு மட்டும் நெற்றியில் நிற்கிறது. பக்திமான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அரிசி மில் மேனேஜரை ‘ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்’ என்று போட்டேன். நம்மால் முடிந்த பதவி உயர்வு. அவர் எழுதினார்: ‘அற்புதம்! இப்படி ஒரு பின்னப் பாடத்தை என் பணிக்காலத்தில் கண்டதில்லை. இந்த ஆசிரியை நீடூழி வாழ்க!’

எங்க வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வந்து சுவரைப் பார்த்தார். “ஏளா, அப்பா படத்தத் தொடச்சியா?” நுரை வாயோடு படத்தைக் கும்பிட்டார்.

“ஆமா, மனசு கேக்கல” என்றேன்.

ஒரு தோசை கருகிவிட்டது.

ஜனவரி 7, செவ்வாய்

ஸ்டாஃப் ரூமில் எனக்கும் லில்லிக்கும் ஒரே மேஜை. அவள் மீன் குழம்பில் நான் தொட்டுக்கொள்வதும், என் புளியோதரையில் அவள் பாதியை அள்ளுவதும் பல வருஷத்து நடைமுறை. இன்று ரெண்டு டிபன் பாக்ஸுக்கும் நடுவே கணக்கு நோட்டு அடுக்கு ஒன்று மதில்போல எழும்பியிருக்கிறது. நான் வைத்தது பாதிதான். மீதியை அவள்தான் வைத்திருக்கவேண்டும்.

‘லில்லியக்கா’ என்று கூப்பிடுகிறவள் இன்று “மேடம், அந்த டஸ்டர்” என்றேன். ‘ஏட்டி உலகு’ என்கிறவள் “எடுத்துக்கோங்க டீச்சர்” என்றாள். சரிக்குச் சரி.

“ஆறாம் வகுப்பு ஜன்னலுக்குத் திரை போடச் சொல்லுங்க, வெயில் போர்டுல அடிக்கி” என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னாள். நான் காது கேளாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். “கேட்டா கேளு, கேக்காட்டிப் போ” என்று எழுந்து போனாள். எதைச் சொன்னாலும் அவளுக்கு இதைச் சொல்லித்தான் முடிக்கவேண்டும், ஜெபம் முடிந்து ஆமென் சொல்கிற மாதிரி.

மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறுகிறாள். மூட்டு. இவள் கருத்தப்பாறை ஏற்றத்தை எப்படி ஏறுவாள்? அது என் கவலை இல்லை. நான் மலைப்பாதை பஸ்ஸில் ரெண்டாவது வளைவிலேயே வாந்தி எடுக்கிறவள். என் கவலை அது.

ஜனவரி 9, வியாழன்

ஒற்றை நட்சத்திரம் விழுந்திருக்கிறது. போட்டது யாரோ தங்கபுஷ்பம், ஆசிரியை, திசையன்விளை. படத்தில் ஒரு ரோஜாப்பூ. (பூவைப் போட்டாலும் தளம் ஒத்துக்கொள்ளும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை!)

அம்மையார் எழுதியது: ‘எழுத்துகள் நாலு பக்கமிருந்தும் பறந்து வந்து உட்காருவதற்குள் மணி அடித்துவிடும். பின்னத்துக்குப் பீட்ஸா படம் எதற்கு? உங்கள் வகுப்பில் எத்தனை பேர் பீட்ஸா தின்றிருக்கிறார்கள்? டீச்சராவது தின்றிருக்கிறாரா? பிள்ளைகள் தொட ஒன்றுமே இல்லை, கையைக் கட்டிக்கொண்டு பார்க்கவேண்டும். அதற்குப் போர்டே போதுமே. கேட்டால் கேளுங்கள், கேட்காவிட்டால் போங்கள்.’

திசையன்விளைப் பக்கமும் இந்தப் பேச்சு உண்டுபோல.

பீட்ஸா நான் தின்றிருக்கிறேன். சென்னையில் மகள் வாங்கிக்கொடுத்தாள். தயிர் தொட்டுச் சாப்பிட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

தங்கபுஷ்பத்தின் ரோஜாவில் பூச்சி விழட்டும்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் லீவு முழுக்க இதே வேலை. பறக்கிற எழுத்தையெல்லாம் பிடித்து உட்காரவைத்தேன். பீட்ஸாவைத் தூக்கிவிட்டுப் பரோட்டா வைத்தேன். பந்தலில் ஒரு வசதி இருக்கிறது: படத்தைத் துண்டு போட்டு, பிள்ளைகள் விரலால் இழுத்துத் தட்டில் வைக்கிறமாதிரி செய்யலாம். எனக்கு அது பிடிபட ஒரு பகல் ஆனது. நடுவில் தெரியாமல் எதையோ தொட்டு, பரோட்டா மொத்தமும் தலைகீழாகத் தொங்கியது.

வீட்டுக்காரரை அனுப்பிக் கடையிலிருந்து பரோட்டா வாங்கிவரச் சொன்னேன், போட்டோ எடுக்க. நான் போனைத் தேடி எடுப்பதற்குள் தட்டில் சால்னா மட்டும் இருந்தது.

“பாடத்துக்குன்னு சொன்னேன்லா!”

“நீ துண்டு போடத்தான சொன்ன? போட்டுட்டேன்” என்றார்.

ஜனவரி 23, வியாழன்

திங்கட்கிழமையே தங்கபுஷ்பம் மறுபடியும் வந்துவிட்டாள். இந்தத் தடவை ரெண்டு நட்சத்திரம். ‘முன்னேற்றம் தெரிகிறது. ஆனால் பரோட்டாவை எந்த ஊரில் சமமாக வெட்டுகிறார்கள்? பிய்த்துப் போடுவார்கள். பின்னம் என்றால் சமமான துண்டு. நீங்களே பிள்ளைகளுக்குத் தப்பைக் காட்டிக்கொடுக்கிறீர்கள்.’

கோபத்தில் போனைச் சோபாவில் எறிந்தேன். அது திண்டில் விழுந்து பத்திரமாக இருந்தது. எறியும்போதே திண்டைப் பார்த்துத்தான் எறிந்தேன்.

பிறகு யோசித்தால், சொன்னதில் நியாயம் இருக்கிறது. நம்மூரில் சமமாக வெட்டுகிற தின்பண்டம் என்ன? கடலைமிட்டாய்! சதுரப் பலகையில் கோடு போட்டு வெட்டுவார்கள். மாற்றினேன். ஒரே அளவு மிட்டாய். இடது பக்கம் மூணு பேர், வலது பக்கம் நாலு பேர். பங்கு போட்டுக் கொடு, எந்தப் பக்கத்தில் ஆளுக்குப் பெரிய துண்டு?

இன்று ஆறாம் வகுப்பில் போட்டுப் பார்த்தேன். நாலு பெரிசு மூணு சின்னது, அதனால் கால்தான் பெரிசு என்று வருஷாவருஷம் சத்தியம் செய்கிற கூட்டம் இது. ஒவ்வொருத்தராக வந்து திரையில் பங்கு போட்டார்கள். கடைசி பெஞ்சு முத்துப்பேச்சி துண்டுகளை இழுத்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, “ஏ, நாலு பேருன்னா ஏமாந்துருவோம்ட்டி!” என்று கத்தினாள். அதைத்தான் நான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வேறு வார்த்தையில், ஒருத்தருக்கும் விளங்காமல்.

இதை யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினேன். நோட்டு அடுக்குக்கு அந்தப் பக்கம் லில்லி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து, ஞாபகம் வந்து, மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அதை மாமனார் பெயரில் தங்கபுஷ்பத்துக்கு எழுதினேன்.

பிப்ரவரி 3, திங்கள்

அடி வாங்குவது நான் மட்டும்தானா? இன்று மாமனாரை லில்லி பாடத்தின் பக்கம் அனுப்பினேன். ‘சுற்றளவும் பரப்பளவும்.’ எங்கிருந்தோ எடுத்த கால்பந்து மைதானம், அதன்மேல் அவளுடைய குரல். கூட்டத்தில் காணாமல்போன பிள்ளையைப் பற்றி மைக்கில் அறிவிக்கிற குரல்.

மாமனார் எழுதினார்: ‘அம்மணி, நீங்கள் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள், பிள்ளைகளின் கை சும்மா இருக்கிறது. சுற்றளவுக்கும் பரப்பளவுக்கும் அவர்கள் குழம்பிப்போவார்கள். மொட்டை மாடியைக் காட்டுங்கள். கைப்பிடிச் சுவர் சுற்றளவு. வடகம் காயப்போடுகிற இடம் பரப்பளவு. தீர்ந்தது.’

உயிரோடு இருந்தபோது இவ்வளவு தெளிவாக அவர் பேசியதே இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

லில்லி மாற்றிவிட்டாள். கைப்பிடிச் சுவர்மேல் ஓர் எறும்பை விரலால் சுற்றி நடத்தினால் சுற்றளவு. தரையில் வடகம் வடகமாக வைத்து நிரப்பினால் பரப்பளவு. வடகம் வைக்கிற இடத்தில் காக்கா வேறு வருகிறது; தொட்டு விரட்டலாம். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். அடுப்பில் சாதம் குழைந்துபோகிறவரை காக்கா விரட்டிக்கொண்டிருந்தேன்.

மாமனார் நாலு நட்சத்திரம் போட்டார். நியாயஸ்தர்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தப்பான விடைக்கு ‘பே’ என்று ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தம் வைத்திருந்தேன். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. தங்கபுஷ்பம் எழுதுகிறாள்: ‘இந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே பிள்ளைகள் தப்பாகத் தொடுவார்கள்.’ எங்கள் வகுப்பில் நேற்று நடந்தது அதேதான். எல்லாரும் வேண்டுமென்றே தப்புப் போட்டு, பள்ளிக்கூடமே ஆட்டுச்சந்தை ஆகிவிட்டது. பக்கத்து வகுப்பிலிருந்து லில்லி கதவைத் தட்டி, “டீச்சர், உங்க ஆட்டக் கொஞ்சம் பட்டியில அடைங்க” என்றாள். இவ்வளவு தூரத்தில், திசையன்விளையில் இருக்கிறவளுக்கு அது எப்படித் தெரிந்தது? அனுபவம்தான்.

ஆட்டை எடுத்துவிட்டேன். இப்போது தப்பாகத் தொட்டால், மிட்டாய் வைத்திருக்கிற பிள்ளையின் முகம் தொங்கிப்போகும். சத்தம் இல்லை. வகுப்பே அமைதியாக அந்த முகத்தைத் திருத்தப் பார்க்கிறது.

எச்.எம். சார் வராந்தாவில் நிறுத்தி, “மாமனார் சௌக்கியமா டீச்சர்?” என்று கேட்டார். பாவம். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்து பாயசம் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டவர். வயதானால் மறதி வந்துவிடுகிறது. “இருக்காங்க சார்” என்றேன். படம் இருக்கிறதே.

பிப்ரவரி 20, வியாழன்

மாமனாருக்கும் தங்கபுஷ்பத்துக்கும் கடிதப் போக்குவரத்து அதிகமாகிவிட்டது. பாடத்தைப் பற்றி நாலு வரி, மற்றது பத்து வரி. அவள் ‘ஐயா’ என்கிறாள், இவர் ‘அம்மையீர்’ என்கிறார். பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று அவள் விசாரிக்கிறாள். உயிரோடு இருக்கிற ரெண்டு பேர் என்றால் ஊர் தப்பாகப் பேசும். ஒருவர் காலமானவர் என்பதால் பயமில்லை.

இன்று அவள் எழுதியது: ‘மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை ஐயா. முன்பெல்லாம் ஒருத்தியோடு சேர்ந்து சாப்பிடுவேன். அவள் வாய் ஓயாது, என் குழம்பும் மிஞ்சாது. இப்போது குழம்பு மிஞ்சுகிறது.’

பாவம், யாரோ ஒரு மகராசி இவளைக் கழற்றிவிட்டுவிட்டாள்போல. இப்படியும் பெண்கள் இருக்கிறார்கள். மாமனார் ஆறுதல் சொன்னார்: ‘அந்தப் பெண்ணுக்கும் சாப்பாடு இறங்காது, கவலைப்படாதீர்கள்.’

கடைசியில் ஒரு வரி: ‘உங்கள் எதிரே நிற்கும் மருமகளுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.’ மருமகள் இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்? எல்லாக் கிழவருக்கும் ஒரு மருமகள் இருக்கத்தானே செய்வாள்.

மார்ச் 4, செவ்வாய்

தலைக்குமேல் வெள்ளம். பிரேயர் முடிந்ததும் சின்னவர் சொல்கிறார்: “நம்ம பந்தல்ல ரொம்ப அருமையா கருத்து எழுதுற ஆவுடையப்பன் ஐயாவுக்குப் பொன்னாடை போத்தணும். வீடு எங்கன்னு கேட்டு எழுதியிருக்கேன்.”

முதல் பீரியடில் பாத்ரூமில் நின்றுகொண்டு மாமனாராகப் பதில் போட்டேன்: ‘அன்புக்கு நன்றி. காசிக்குப் புறப்பட்டுவிட்டேன்.’

மத்தியானம் சின்னவர் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். “ஐயா காசிக்குப் போயிட்டாராம். சரிதான், போகவேண்டிய எடம்தான்” என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். ஜலதோஷம்போல. எச்.எம். சாருக்கும் அதே ஜலதோஷம். ஊரெல்லாம் பரவுகிறது.

“தங்கபுஷ்பம் அம்மாவுக்குப் போத்தலாமே சார்” என்றேன் நான், பேச்சை மாற்ற.

லில்லிக்குப் புரையேறியது.

மார்ச் 10, திங்கள்

கெடு வந்துவிட்டது. ரெண்டு பாடத்துக்கும் நட்சத்திரம் கிட்டத்தட்ட சமம். வேறு ஊர்ப் பள்ளிகள்கூட எடுத்து நடத்துகிறார்கள். யாரைக் கருத்தப்பாறைக்கு அனுப்புவது என்று சின்னவருக்கே குழப்பம். பந்தலில் அறிவித்துவிட்டார்: ‘ரெண்டு பாடத்தையும் ஆரம்பத்திலிருந்து கவனித்தவர்கள் ஆவுடையப்பன் ஐயாவும் தங்கபுஷ்பம் அம்மாவும்தான். இங்கேயே இருக்கவேண்டியவர் யார் என்று அவர்கள் ஆளுக்கு ஒரு பெயர் எழுதட்டும். நாளைக்குள்.’

நீதிபதியே நான்! சின்னப் பிள்ளைபோல அடுக்களையில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

மார்ச் 11, செவ்வாய்

மாமனாராக உட்கார்ந்து முதலில் ‘உலகம்மாள்’ என்றுதான் தட்டினேன். அனுப்புவதற்குள் அடுக்களையில் இட்லிமாவு பொங்கி வழிந்தது. துடைத்துவிட்டு வந்து பார்த்தால், திரையில் அந்தப் பெயர் பார்க்கவே நன்றாக இல்லை. அழித்தேன். ‘கிரேஸ் லில்லி. மூட்டு வலியோடு ஏற்றம் ஏறுவது கஷ்டம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இதில் பாசம் கீசம் ஒன்றும் கிடையாது என்பதைப் பதிவுசெய்கிறேன். மாமனார் என் பெயரைச் சொன்னால் யாருக்காவது சந்தேகம் வரும், அதுதான். அதுவுமில்லாமல், லில்லி அந்த ஏற்றத்தில் விழுந்து வைத்தால் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போகப்போவது யார்? நான்தான். தவிர, தங்கபுஷ்பம் என் பாடத்தில்தான் குறை கண்டுபிடிப்பாள். லில்லி பாடத்தில் ஒரு குறைகூட அவள் சொன்னதில்லை. அவள் எப்படியும் லில்லிக்குத்தான் போடுவாள். தோற்பதைக் கௌரவமாகத் தோற்றுவிடலாம்.

சாயங்காலம் கடைக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வைத்தேன். முகர்ந்துகொண்டே போனால் பஸ்ஸில் வாந்தி வராதாம்.

“எதுக்குளா இத்தன பழம்? ஊறுகாயா?” என்றார் வீட்டுக்காரர்.

“ஆமா.”

“கண்ணு ஏன் செவந்திருக்கு?”

“எலுமிச்சம்பழம்” என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

ஸ்டாஃப் மீட்டிங். சின்னவர் போனைப் பார்த்துப் படித்தார்.

“ஆவுடையப்பன் ஐயா சொல்றது, கிரேஸ் லில்லி டீச்சர் இங்க இருக்கட்டும்.” விரலால் அடுத்ததுக்குத் தள்ளினார். “தங்கபுஷ்பம் அம்மா சொல்றது, உலகம்மாள் டீச்சர் இருக்கட்டும். அவங்களுக்குப் பஸ் ஒத்துக்காதாம்.”

லில்லி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது நின்றுபோய் ரெண்டு மாசமாகிறது.

எனக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது என்பது தங்கபுஷ்பத்துக்கு எப்படித் தெரியும்? பாடத்தை வைத்தே ஆளைக் கணிக்கிற நிபுணி. நாம் வாயைத் திறக்கக்கூடாது.

சின்னவர் தொண்டையைச் செருமினார். “யாரையும் மாத்தல. கருத்தப்பாறைல பெரிய டச் டிவி வெச்சிருக்கேன். பிள்ளைங்க அதுல உங்க பாடத்தத் தொட்டுத் தொட்டுப் படிக்கட்டும், நீங்க இங்கருந்து பேசுங்க. ஜூன்லருந்து வெள்ளிக்கிழமை மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து நேர்ல போய்ட்டு வரணும். ஒருத்தருக்கு வாந்தின்னா இன்னொருத்தர் பாத்துக்கோங்க. ஒருத்தருக்கு மூட்டுன்னா இன்னொருத்தர் கை குடுங்க. ஆனா ஒரு கண்டிஷன்.”

“என்ன சார்?” என்றோம் ரெண்டு பேரும்.

“ஆவுடையப்பன் ஐயாவும் தங்கபுஷ்பம் அம்மாவும் எழுதறத நிறுத்தக்கூடாது. அவங்க சண்ட போடலன்னா ரெண்டு பாடமும் இந்த அழகுக்கு வந்திருக்காது. நீங்க எப்படியாவது சொல்லிப் பாருங்க.”

“எங்களுக்கு அவங்களத் தெரியாதே சார்” என்றாள் லில்லி, முகத்தைப் பிள்ளைபோல் வைத்துக்கொண்டு.

“ஆமா, தெரியாது” என்றேன் நான்.

மத்தியானம் மேஜையில் உட்கார்ந்தால் நோட்டு அடுக்கைக் காணோம். லில்லி மீன் குழம்பை என் பக்கம் தள்ளினாள். “ஏட்டி உலகு, தொட்டுக்கோ. கேட்டா கேளு, கேக்காட்டிப் போ.”

இதை வேறெங்கோ படித்த ஞாபகம். எங்கே என்று பிடிபடவில்லை.

“யக்கா, உப்பு கூடிப்போச்சு” என்றேன், முழுசையும் வழித்துக்கொண்டே.

மார்ச் 17, திங்கள்

குழம்பு மிஞ்சவில்லை.

ஜூன் 13, வெள்ளி

கருத்தப்பாறைக்கு முதல் பயணம். ரெண்டாவது வளைவு வரை எலுமிச்சம்பழம் தாங்கியது. மூன்றாவதில் லில்லி பையைப் பிரித்துப் பிடித்தாள். ஏற்றத்தில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். “ஒன்னயும் ஒன் மாமனாரயும் சொல்லணும்” என்று மூச்சு வாங்கினாள். மாமனார் இதில் எங்கே வந்தார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மூச்சு வாங்குகிறவளிடம் பேச்சுக் கொடுக்கக்கூடாது.

வகுப்பில் பெரிய டிவி. பிள்ளைகள் வந்து வந்து கடலைமிட்டாயைப் பங்கு போட்டார்கள். அடுத்து லில்லியின் காக்காவை விரட்டினார்கள். பந்தலின் கருத்துகளைப் படித்து, எங்களைப் பற்றி அவர்களுக்கு முன்பே எல்லாம் தெரிந்திருந்தது. ஆட்டுக்குட்டி எங்கே என்றுகூட ஒருத்தி கேட்டாள்.

பாடம் முடிந்து, என் பின்னப் பாடத்துக்குக் கீழே ஆசிரியர்களின் கருத்துகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே மாமனாரின் அந்தப் பழைய ‘அற்புதம்!’ பக்கத்தில் வட்டத்துக்குள், குங்குமப் பொட்டோடு, அவர் முகம்.

நான் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப் போனேன். லில்லி கையைப் பிடித்துக்கொண்டாள். “இரிட்டி. இந்த வட்டத்தத் தொட்டா முழுப் படமும் விரியும். பந்தல்ல எல்லாருக்கும் தெரியும். ஒனக்குத் தெரியாதா?”

தொட்டாள்.

திரை முழுக்க மாமனார். சந்தன மாலை இருந்தது. சிவப்பு பல்பு எரிந்தது. பளபளவென்று துடைத்த கண்ணாடியில், மாமனாரின் கன்னத்தை ஒட்டி, ஸ்டூல்மேல் நின்றிருந்தேன் நான்: தலையில் ஈரத் துண்டு, பூப்போட்ட நைட்டி, ஒரு கையில் செல்போன், மறு கையில் தோசைக் கரண்டி.